உன் விரல்கள் சில்லிட்ட அன்று

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீயும் கவிதாவும் தோஹாவுக்கு விமானம் ஏறுகிறீர்கள். இன்று வியாழக்கிழமை. இனியாவை ஒரு வருஷம் எங்களிடம் விட்டுவிட்டுப் போவதென்று முடிவாகி, அவளுடைய குட்டிக் கவுன்களைக்கூட உன் அம்மா பீரோவில் அடுக்கிவிட்டாள். போன மாதம் கவிதா தயங்கினபோது நீ அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அப்பா இருக்கிறப்ப நமக்கென்ன பயம்? என் கையையே காப்பாத்திக் கொடுத்தவரு அவரு" என்றாய். நான் கூடத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டரை வயதுப் பிள்ளையை நீ என்னிடம் விடுவது அந்த ஒரு கதையை நம்பித்தான். அந்தக் கதை பொய் என்று உனக்குச் சொல்லாமல் உன்னை விமானம் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. நேரில் சொல்லலாம்தான். உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் உரம், பூச்சிமருந்து என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி. நடுவில் எழுந்து வந்து "பரவாயில்லப்பா" என்று சொல்லாதே.

முதலில் போன வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் என் தோள்பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வலது தோள் பத்து மாதமாகச் சரியில்லை. நீ ஊருக்கு வந்ததும் கண்டுபிடித்தாய். சட்டையை முதலில் வலது கையில் நுழைத்துவிட்டு அப்புறம் இடது கையை விடுகிறேன், பரணில் இருக்கிற பாத்திரத்தை எடுக்கச் சொன்னால் ஸ்டூலைத் தேடுகிறேன், வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதில்லை. "என்னப்பா?" என்று கேட்டாய். "சுளுக்குடா, போயிடும்" என்றேன். சுளுக்கு இல்லை. முதல் நாலு மாதம் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். ஒரு ஆள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துச் சொடுக்கு எடுத்தான், அதற்கப்புறம் ஒரு வாரம் சோற்றை இடது கையால் தின்றேன். கடைசியில் பாபநாசத்தில் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் போனேன். உன் வயதுகூட இருக்காது அவளுக்கு. என்னைக் கையைத் தூக்கச் சொன்னாள், காதுமட்டத்துக்குக்கூட வரவில்லை. பிறகு அவளே என் கையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தாள், அப்போதும் வரவில்லை. "நீங்களா தூக்கினாலும் வரல, நான் தூக்கினாலும் வரலங்கய்யா. மூட்டைச் சுத்தி இருக்கிற உறை இறுகிப் போயிருக்கு. நான் தூக்கினா வந்து, உங்களால மட்டும் முடியலன்னா, உள்ள நார் கிழிஞ்சிருக்கான்னு ஸ்கேன் பார்க்கணும். இது அப்படித் தெரியல. உங்களுக்கு சுகர் இருக்குல்ல?" என்றாள். இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். குணமாவதற்கு ஒரு வருஷம், ஏன் இரண்டு வருஷம்கூட ஆகலாமாம். சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுகிற பயிற்சி, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். மாட்டுக்கொட்டகைச் சுவரில் யாரும் பார்க்காதபோது செய்துகொண்டிருக்கிறேன். ஒரு சாண் ஏறியிருக்கிறது.

இதை உன்னிடம் ஏன் மறைத்தேன் தெரியுமா? கையைத் தூக்க முடியாதவனிடம் பிள்ளையை விட மாட்டாய் என்று பயந்தேன். இனியா எங்களோடு இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஆசைக்காகப் பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை என்பது இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்குத் தெரிந்துவிடும்.

போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் சர்டிபிகேட் வேலையாகச் சென்னை போனீர்களே, இரண்டாம் நாள் காலையில் உன் அம்மா கும்பகோணத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தாள். நானும் இனியாவும்தான் வீட்டில். கொல்லைப் படிக்கட்டில் கீழே நின்றுகொண்டு இரண்டு கையையும் நீட்டி "தூக்கு தாத்தா" என்றாள். பிள்ளையை எப்படித் தூக்க வேண்டும்? குனிந்து, அக்குளுக்கடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்க வேண்டும். எனக்கு அந்தத் தோள் வளைந்து கொடுக்கவில்லை. அதனால் மேல்படியில் நின்றபடியே அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்து மேலே ஏற்றினேன். வீல் என்று கத்தினாள். அதற்கப்புறம் அந்தக் கை அசையவில்லை. முழங்கை லேசாக மடங்கி, உள்ளங்கை வயிற்றைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டே இருந்தது. தொட்டால் அலறினாள். வீக்கம் இல்லை, காயம் இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செல்வி ஓடிவந்தாள். பார்த்ததும் "கை பிசகி உரம் விழுந்திருக்கு மாமா. சேலையில போட்டு நாலு உருட்டு உருட்டினாச் சரியாயிடும். நம்ம ஊர்ல எத்தனை பிள்ளைக்குப் பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சேலை எடுக்கப் போனாள். அவளைக் குற்றம் சொல்லவில்லை, நல்ல மனசுக்காரி. நான் என்ன செய்தேன் என்பதுதான் விஷயம். ஆட்டோவைக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு தருவார்கள், சீட்டை நீ பார்ப்பாய், எப்படி நடந்தது என்று கேட்பாய், தோள் விவகாரம் வெளியே வரும். இதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, நான் உன்னிடம் என்ன சொல்லலாம் என்று கதை கட்டிக்கொண்டிருக்கிறேன். கால் மணி நேரம், தம்பி. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வயலில் நின்ற அதே ஆள்தான் அன்றைக்குக் கொல்லையிலும் நின்றான். செல்வி சேலையோடு வந்தபோது உன் சின்ன விரல்கள் என் கண்முன் வந்தன. பிள்ளையை இடது கையில் அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

எலும்பு டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "விழுந்தாளா, யாராச்சும் இழுத்தீங்களா?" நான் இழுத்ததைச் சொன்னேன். அவர் தோளிலிருந்து விரல் வரைக்கும் தடவிப் பார்த்தார். முழங்கையில் ஒரு கையைக் கொடுத்து, மறு கையால் அவள் உள்ளங்கையை மேலே திருப்பிக் கையை மடக்கினார். க்ளிக் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் கழித்து மேஜையில் இருந்த பேனாவை அதே கையால் எடுத்தாள். "சின்னப் பிள்ளைங்களுக்கு முழங்கையில ஒரு எலும்பு லேசா நழுவிடும். கையைப் பிடிச்சு இழுக்கிறது, ரெண்டு பேர் சேர்ந்து ஊஞ்சல் மாதிரி ஆட்டுறது, எல்லாமே வேண்டாம். இன்னொரு தடவையும் நழுவும். ஆனா இதை வீட்டுல நீங்களே திருப்பிப் பார்க்கக் கூடாது. விழுந்து வீங்கியிருந்தா அது முறிவா இருக்கும், அதைத் திருப்பினா நாசமாயிடும்" என்றார். சீட்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. நீங்கள் சென்னையிலிருந்து வந்து "சமத்தா இருந்தாளா?" என்று கேட்டபோது, "இருந்தா, இருந்தா" என்றேன். உன் அம்மாவுக்கே அதற்கு மறுநாள்தான் சொன்னேன்.

இனி உன் கை. உனக்கு ஆறு வயது. வாய்க்கால் மதகுக் கட்டையிலிருந்து குதித்தாய், இடது கையை ஊன்றி விழுந்தாய். காலை ஒன்பது மணி இருக்கும். முழங்கை கண்ணெதிரே உப்பியது. பக்கத்துத் தெருவில் கட்டுப் போடுகிற காதர் பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மூங்கில் தப்பை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவிய துணியால் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு இரண்டு தரம் திருப்பிச் சொன்னார். "தம்பி, நல்லாக் கேட்டுக்குங்க. விரலு சில்லிட்டுப் போனாலோ, வெளுத்தாலோ, பிள்ளை விரலை அசைக்க முடியலன்னு சொன்னாலோ, என்னைத் தேட வேண்டாம். கட்டை அறுத்துப் போட்டுட்டு நேராத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க." நான் சரி பாய் என்றேன். என் காது அங்கே இருந்தது, மனசு வாய்க்காலில் இருந்தது.

அன்றைக்கு நண்பகல் தொடங்கி மறுநாள் காலை வரைக்கும் நம் வயலுக்கு முறைத்தண்ணீர். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் இல்லாமல் ஆளுக்கு இத்தனை நேரம் என்று பங்கு வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பாப் பயிர் கதிர் தள்ளப் பொதி கட்டி நின்றது. அந்த முறையை விட்டால் அடுத்தது பத்து நாள் கழித்து, அதற்குள் எல்லாம் பதராகிவிடும். மடையை விட்டு நகர்ந்தால் மேல்மடைக்காரன் ஒரு கூடை மண்ணைப் போட்டு அடைத்துக்கொள்வான். உன்னை அம்மாவிடம் விட்டுவிட்டு மண்வெட்டியோடு போய் நின்றுவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு உன் அம்மா வரப்பில் ஓடிவந்தாள். மூச்சு வாங்க, "விரலு ஐஸ் மாதிரி இருக்குங்க. நீலம் பாஞ்சிருக்கு. நிமித்தினா உயிர் போறாப்புல கத்துறான். கட்டைப் பிரிச்சிடவா?" என்று கேட்டாள். காதர் பாய் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது, தம்பி. மறந்துபோய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். நன்றாக ஞாபகம் வந்தது. தண்ணீர் அப்போதுதான் கடைசி வயலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. "கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும். கட்டுல கை வச்சேன்னா எலும்பு கோணிப் போயிடும், அப்புறம் உன்னைத்தான் கேப்பேன்" என்றேன். அந்தக் காலத்தில் என் பேச்சை மீறி அவள் தெருவைத் தாண்டினதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. அவள் திரும்பிப் போனாள். நான் மடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காலையில் வீட்டுக்கு வந்தபோது நீ அழவில்லை. அழுகை நின்றுவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன், பார். விரலைத் தொட்டால் உனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கட்டை அறுத்துப் போட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கையைக் காப்பாற்றினேன் என்று ஊரில் எல்லோரும் சொல்கிற அந்த ஓட்டம் இதுதான். ஓடினது உண்மை. பதினைந்து மணி நேரம் கழித்து ஓடினேன். கட்டை அறுத்ததும் நான் இல்லை, தஞ்சாவூரில் டாக்டர் அறுத்தார். "எப்பலேர்ந்து விரல் இப்படி இருக்கு?" என்று கேட்டார். "காலையிலதான் சார் பாத்தோம்" என்றேன். பக்கத்தில் நின்ற உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உன் முன்னங்கையில் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறதே, உள்ளே இறுகிப்போன சதைக்கு இடம் கொடுக்க அன்றைக்குக் கீறினது. கை பிழைத்தது. நடுவிரலும் மோதிர விரலும் முழுசாகப் பிழைக்கவில்லை. மணிக்கட்டை நிமிர்த்தினால் அவை இன்றும் மடங்கிக்கொள்கின்றன. "நேத்து சாயங்காலமே வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது" என்று டாக்டர் சொன்னார். அந்தப் போகம் நெல் நன்றாகவே விளைந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என்ன செய்தேன் என்பது இதைவிடக் கேவலம். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு காதர் பாய் வீட்டு வாசலில் போய் நின்று, "எம்புள்ள கையைப் பாழாக்கிட்டியேய்யா" என்று கத்தினேன். அவர் வெளியே வந்து, "விரலு சில்லிட்டா அறுத்துடுங்கன்னு உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேனே தம்பி" என்றார். "நீ ஒண்ணும் சொல்லல" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் ஊரில் ஒருவரும் அவரிடம் போகவில்லை. இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பனந்தாளில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நீ வளர்ந்து, போலீஸ் செலக்‌ஷனில் ஓட்டம், தாண்டல் எல்லாம் ஜெயித்து, கையை நீட்டச் சொன்ன இடத்தில் வெளியே அனுப்பப்பட்டு வந்தாயே, அன்றைக்கு அந்த மனுஷனை எவ்வளவு கெட்ட வார்த்தையில் திட்டினாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் கல்யாணத்தில் தாலி முடிச்சுப் போடும்போது அந்த இரண்டு விரலும் கயிற்றைப் பிடிக்காமல் நழுவ, எல்லோரும் "மாப்பிள்ளைக்கு இப்பவே கை நடுங்குது" என்று சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்கு அந்தப் பந்தலிலேயே செத்துவிடலாம் போல இருந்தது. அப்போதும் சொல்லவில்லை. உன் அம்மா ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்பாள், வருஷத்துக்கு ஒருமுறை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை திருப்பனந்தாளுக்குப் பஸ் ஏறினேன். காதர் பாய்க்கு எண்பது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை. ஊர்ப்பேரையும் என் பேரையும் சொன்னேன். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, முதலில் அவர் கேட்டது, "அந்தப் பையனுக்கு விரலு நிமிருதா?" என்றுதான். ரெண்டு விரல் நிமிரல பாய் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வரப்பில் உன் அம்மா வந்தது, எனக்கு ஞாபகம் வந்தது, நான் போகாதது. கேட்டுவிட்டு, "எம்மேலயும் தப்பு இருக்கு தம்பி. அவ்வளவு வீக்கத்துக்கு நான் கட்டியிருக்கவே கூடாது. படம் எடுத்துப் பாருங்கன்னு அனுப்பியிருக்கணும். தொழில் தெரிஞ்சவன்கிற கர்வம்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "என்கிட்டக் கேக்குறீங்க. கை அந்தப் பிள்ளையோடதுல்ல? அவன்கிட்டச் சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். மகள் டீ கொண்டுவந்தாள். அவர் டம்ளரைக் கையால் மறித்து, "சொல்லிட்டு வாங்க. அப்பறமா டீ குடிப்போம்" என்றார். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

நீ தோஹாவில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் சாரத்துக்குக் கீழே நிற்கப் போகிறவன். உன் ஆட்களில் யாராவது விழுந்து தோள் நழுவினால், கூட இருப்பவன் அக்குளில் காலை ஊன்றிக் கையை இழுத்துப் பொருத்த வருவான். விடாதே. ஒரு துணியில் கையைத் தொங்கவிட்டு, அசையாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. கட்டுப் போட்ட எந்தக் கையாக இருந்தாலும், மாவுக்கட்டே ஆனாலும், நகத்தை அழுத்திப் பிடித்து, பிடியை விட்டுப் பார். வெளுத்த இடம் உடனே சிவக்க வேண்டும். சிவக்கவில்லை என்றால், விரல் சில்லிட்டால், மரத்தால், அடிபட்ட அளவுக்கு மேல் வலி இருந்தால், அப்புறம் பார்க்கலாம் என்கிற பேச்சே கிடையாது. அன்றைக்கு என் மனசில் இருந்தது அந்த "அப்புறம் பார்க்கலாம்"தான். கவிதாவிடமும் ஒன்று சொல். ஈரத்துணியைப் பிழியும்போது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது என்றாளே, பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்துகொண்டே இருக்க வேண்டாம், கொஞ்ச நாள் அந்தக் கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் காட்டட்டும். வலியை மறைக்கிற பழக்கம் இந்த வீட்டில் என்னோடு போகட்டும்.

இப்போது முடிவு உன்னுடையது. டிராவல்ஸ்காரரிடம் விசாரித்துவிட்டேன், இனியாவுக்கும் விசா எடுக்க முடியுமாம், கவிதாவும் அவளும் மட்டும் மூன்று வாரம் தள்ளிப் புறப்பட வேண்டியிருக்குமாம். இனியாவை எங்களிடம் விடுவதென்றால், என் தோள் தூக்காது என்று தெரிந்துகொண்டு விடு. பிள்ளை அழும்போது கால் மணி நேரம் தன்னைப் பற்றி யோசித்தவன் என்று தெரிந்துகொண்டு விடு. இனி ஒரு தரம் அப்படி நிற்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்கு ஆசைதான். ஆனால் உன் அப்பனுடைய வார்த்தைக்கு என்ன மதிப்பு என்பதை மேலே எழுதிவிட்டேனே. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அழுவேன், அது வேறு.

நான் கொல்லைப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றிலிருந்து நான் இனியாவைத் தூக்குவதில்லை. அவள் கையை நீட்டினால் தரையில் உட்கார்ந்துவிடுகிறேன், அவளே மடியில் ஏறிக்கொள்கிறாள். இப்போதும் மடியில்தான் இருக்கிறாள். படித்து முடித்ததும் உன் இடது கையை ஒருமுறை நிமிர்த்திப் பார்த்துவிட்டு வா. வந்து முதலில் அவளை நீ தூக்கிக்கொள். அப்புறம் என்னிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்.

அப்பா